மொன்றியலில் நாலு நாள்: கமிலாவின் பம்புக்கு ஒரு கையெழுத்து

பிள்ளைகளோடு போவதற்கு மொன்றியல் நல்ல ஊரா? போன மாதம் இந்தத் தளத்தில் ஒரு வாசகி இப்படிக் கேட்டிருந்தார். நான் அப்போதுதான் ரயிலுக்குச் சீட்டு எடுத்திருந்தேன். போய்வந்து சொல்கிறேன் என்று பதில் எழுதினேன். போய்வந்துவிட்டேன். எனக்கு இப்போதும் தெரியாது. மலை எப்படி, மெற்றோ எப்படி, எங்கே சாப்பிடலாம் என்பதெல்லாம் சொல்ல முடியும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் நேர்மையான பதில் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வழக்கமான பயணக் குறிப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் கடைசிக்கு முதற்பகுதிக்குத் தாவிப் போகலாம். எனக்குக் கோபமில்லை.

மார்ச் கடைசி வாரம் எங்கள் கல்லூரியில் எனக்கு வகுப்பு இல்லை. தங்கை வாசுகி மொன்றியலில் பார்க் எக்ஸ்ரென்சனில் பதினாறு வருடமாக இருக்கிறாள். நான் ரொறன்ரோவில் இருந்துகொண்டு மூன்று தடவைதான் போயிருக்கிறேன். மூன்றும் கலியாணமும் செத்தவீடும். இந்த முறை ஊர் பார்க்கப் போவது என்று முடிவெடுத்தேன். செவ்வாயன்று போய் வெள்ளியன்று திரும்புவது. புதன்கிழமை மலை, வியாழக்கிழமை தீவின் மேற்கு முனையில் இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ, அங்கே ஆற்றங்கரையில் ஒரு நடை. திட்டம் அவ்வளவுதான்.

ரயில் ரொறன்ரோவிலிருந்து காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ 540 கிலோமீற்றர். ஐந்து மணி இருபது நிமிடம் என்று போட்டிருந்தார்கள், ஐந்து மணி ஐம்பது நிமிடம் எடுத்தது. ஒருவழிக்கு 74 டொலர், மூன்று கிழமைக்கு முதல் எடுத்தது. வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் கிங்ஸ்டனுக்கு முன்னும் பின்னும் ஏரி தெரியும். மத்திய நிலையத்திலிருந்து வெளியே வராமலே பொனவென்ச்சர் மெற்றோவுக்கு நடக்கலாம். ஒரு பயணம் 3 டொலர் 75 சதம். செம்மஞ்சள் பாதையில் லவால் பக்கம் போகிற வண்டியில் ஏறி, ஜோன்-தலோனில் இறங்கி, நீலப் பாதைக்கு மாறி, இரண்டாவது தரிப்பு பார்க். எல்லாமாக முப்பத்திரண்டு நிமிடம். அங்கிருந்து வாசுகியின் வீட்டுக்கு 650 மீற்றர், மூன்றாம் மாடி, லிப்ற் இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணி கழிய மலைக்குப் புறப்பட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். பிள்ளைகளை விளையாட விட்டிருந்தார்கள். கம்பி வேலிக்கு வெளியே, குவித்துவிட்டிருந்த பழைய பனியின் மேலே ஏறி ஒரு பெண் நின்றாள். கறுப்புக் குளிரங்கி. வலக்கை பைக்குள். பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நல்ல எண்ணம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீதிமன்றம் பிள்ளையைப் பிரித்து வைத்திருக்கிற தாய் யாரோ என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மலையைப் பற்றி: பார்க் மெற்றோ வாசலில் 80ஆம் இலக்க பஸ், இருபது நிமிடம். மலையடிவாரத்துப் பெரிய சிலையடியில் இறங்கிச் சரளைப் பாதையால் ஏறினால் உச்சியின் பார்வைத் தளத்துக்கு மூன்று கிலோமீற்றர். மார்ச்சில் அந்தப் பாதை பனியல்ல, கண்ணாடி. சப்பாத்துக்கு மாட்டும் இரும்புப் பல் இல்லாமல் போகாதீர்கள். நான் இல்லாமல் போய், பாதி வழியில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று, மரியாதையாகத் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டு முப்பத்தைந்து. அந்தப் பெண் அதே இடத்தில் நின்றாள். முகத்தை இந்த முறை நன்றாகப் பார்த்தேன். முதல் நாள் வாசுகியின் மாடிப்படியில் எனக்கு வழிவிட்டு ஒதுங்கிய பக்கத்து வீட்டுக்காரி.

வாசுகி உறைந்த உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையில் காலை ஆறு மணிக்கு ஏறி இரண்டு மணிக்கு இறங்குபவள். பின்னேரம் தேத்தண்ணியோடு கேட்டேன்.

"உது மரிசோல். பம்பை வைச்சுக்கொண்டு நிக்கிறாள்."

"என்ன பம்ப்?"

"முட்டுக்கு அடிக்கிற பம்ப், அக்கா. அவளின்ரை பெட்டை கமிலாவுக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. எட்டு வயசு. பள்ளிக்கூடத்திலை பம்பை வாங்கி வைக்கமாட்டினமாம். அதுதான் இவள் வெளியிலை நிக்கிறாள். பிள்ளைக்கு இழுத்தால் வேலிக்குள்ளாலை குடுப்பாள்."

"எத்தனை நாளா?"

"தையிலை இருந்து."

மரிசோல் மெக்சிக்கோவில் புவெப்லா நகரத்தவள். கணவர் அங்கேயே இருக்கிறார். ஏனென்று நான் கேட்கவில்லை. இங்கே அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருக்கிறாள். கமிலாவின் இரண்டு பம்புகளும் ஊரில் வாங்கியவை. இழுக்கும்போது அடிப்பதற்கு நீலம். இழுக்காமல் இருக்க நாள்தோறும் அடிப்பதற்கு மற்றது. இந்த நாட்டு மருந்தகத்தின் சிட்டை ஒட்டாத மருந்தைப் பள்ளிக்கூடம் ஏற்காது. டொக்ரரின் கையெழுத்திட்ட படிவமும் வேண்டும். அது வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது நல்லது என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். மரிசோல் அடுத்த நாள் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வேலியில் போய் நின்றாள். அதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. குளிர் கடுமையாகிப் பிள்ளைகளை வெளியே விடாத நாட்களிலும் நின்றாள்; எந்த ஜன்னல் கமிலாவின் வகுப்பு என்று அவளுக்குத் தெரியும். இதற்காகவே தொழிற்சாலையில் வாசுகியோடு, பெட்டிகள் ஓடுகிற ஒரே பெல்ற்றில் செய்த பகல் வேலையை விட்டு, பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கும் இரவு வேலைக்கு மாறினாள். பின்னேரத்தில் கமிலா வாசுகியின் வீட்டில் இருப்பாள்.

"இப்ப பிரச்சினை வெள்ளிக்கிழமை" என்றாள் வாசுகி. "வகுப்பிலை எல்லாரையும் மேப்பிள் பாகு காய்ச்சுற தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகினம். எழுபது கிலோமீற்றர். அங்கை வேலியில்லை."

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குள் படிவம் வராவிட்டால் கமிலா அன்றைக்கு முழுவதும் இன்னொரு வகுப்பின் பின்வரிசையில் இருக்க வேண்டும். அவளோ சூடான பாகைப் பனியில் ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தின்னப் போகிறேன் என்று கட்டிடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எனக்கும் சொன்னாள், நல்ல பிரெஞ்சில், பாதிதான் விளங்கியது.

வாசுகி வியாழக்கிழமை லீவு போட்டாள். ஆற்றங்கரை நடையை நான் விட்டுவிட்டேன். போகாத இடத்தைப் பற்றி எழுதும் பழக்கம் எனக்கில்லை. ஆகவே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பற்றி இங்கே ஒன்றும் இல்லை.

இனி என் பிழை. நீலப் பாதையின் கிழக்கு முனைப் பக்கம் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களுக்கென்று ஒரு ஆதரவு நிலையம் இருப்பதும், வியாழன் பின்னேரத்தில் அங்கே டொக்ரர் வருவதும் மரிசோலுக்குத் தெரியும். இலக்கத் துண்டு மதியம் பன்னிரண்டு மணிக்குக் கொடுப்பார்கள், பன்னிரண்டு பேருக்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் மத்தியான இடைவேளையும் அந்த நேரம்தான். வேலியை விட்டுவிட்டு அவள் எப்படிப் போவாள்? இன்றைக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அங்கே போகலாம் என்றாள். நான்தான் மறித்தேன். நடந்து போகிற தூரத்தில் கிளினிக் இருக்கும்போது ஏன் தொண்டு நிலையத்துக்குப் போக வேண்டும், முறையான வழியால் முதலில் போவோம் என்று சொன்னேன். படித்தவள் சொல்வதைக் கேட்டார்கள்.

ஏழு இருபத்தைந்துக்கு வரிசையில் நின்றோம். வீட்டிலிருந்து 1.1 கிலோமீற்றர். எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர். எங்கள் முறை வந்தபோது பத்து நாற்பது. வரவேற்பில் இருந்த பெண் மரிசோலின் அகதிக் கோரிக்கைத் தாளை இரண்டு விரலால் திருப்பித் தள்ளினாள். இதை நாங்கள் எடுப்பதில்லை.

வாசுகியின் பிரெஞ்சு நல்லது. "இதுக்கு வைத்தியம் உண்டெண்டு அரசாங்க இணையத்தளத்திலை கிடக்குது" என்று அவள் சொன்னதையும், "தளத்தில் இருக்கலாம், இங்கே இல்லை" என்று பதில் வந்ததையும் எனக்குத் தமிழில் சொன்னாள். காசு கட்டினால் இன்றைக்கே பார்ப்பார்களாம். நான் கைப்பையைத் திறந்தேன். மரிசோல் என் கையைப் பிடித்து மூடினாள். பலமான பிடி.

"வேண்டாமாம்" என்றாள் வாசுகி. "தாள் சரியான தாளாம். இண்டைக்கு நாங்கள் கட்டினால், பின்னாலை நிக்கிறவளையும் கட்டச் சொல்லுவினமாம்."

பின்னால் திரும்பிப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒருத்தி, அதே மாதிரித் தாளை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். மரிசோல் அப்போது எனக்கு வீண்பிடிவாதக்காரியாகத்தான் தெரிந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அடுத்ததாக, நானே சொல்லி, தொலைபேசியில் முன்பதிவு. வெளியே மதிலோரம் நின்றபடி முப்பத்தெட்டு நிமிடம். கடைசியில் இயந்திரம் சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டையின் இலக்கத்தைக் கேட்டது. அட்டை இல்லாதவர் எதை அழுத்துவது என்று அது சொல்லவில்லை. சும்மா ஒன்றை அழுத்தினேன். அழைப்பு அறுந்தது. மரிசோல் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"உங்கடை முறையான வழி முடிஞ்சுதோ எண்டு கேக்கிறாள்."

பார்க் தரிப்பிலிருந்து சென்-மிஷெல் தரிப்புக்கு ஐந்து நிறுத்தம், ஒன்பது நிமிடம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மெற்றோ இலவசம். அங்கிருந்து 900 மீற்றர் நடை. போகும் வழியில் கமிலா இரண்டு தடவை நின்றாள், சேற்றுப்பனியைப் பார்ப்பது மாதிரி. மூச்சு வாங்கத்தான் நின்றாள். நாங்கள் படியிறங்கி உள்ளே போனபோது பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு துண்டும் முடிந்துவிட்டன.

இப்படியான நிலையங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சுவரில் சிரிக்கும் குடும்பங்களின் படம், மேசையில் பளபளக்கும் துண்டுப்பிரசுரம், கொடையாளிக்கு அனுப்ப வருகைப் பதிவு. இங்கேயும் அவை எல்லாம் இருந்தன. கூடவே வேறு சிலதும் இருந்தன. வாசலில் ஒரு நீளமான தட்டில் பிள்ளைகளின் பனிச்சப்பாத்துகள்; கால் வளர்ந்தால் பழையதை வைத்துவிட்டுப் பெரியதை எடுக்கலாம், யாரும் பெயர் கேட்பதில்லை. ஒரு மூலையில் ஒருவர் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு மூலையில் பல் பார்க்கிற பெண். சோளமாவும் கோப்பியும் மணத்தன. காத்திருந்த தாய்மார்கள் பேசியதை வாசுகி இடைக்கிடை எனக்குச் சொன்னாள்: ஒருத்தியின் மகனுக்கு வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடச் சாப்பாடு இறங்கவில்லை; இன்னொருத்தியின் மகளுக்கு உடம்பில் இரத்தம் போதாது; ஒருத்திக்கு மூன்று மாதமாக நித்திரை இல்லை. எங்கள் ஆட்களிடம் கேட்காத கதை ஒன்றும் இல்லை.

வாசல் மேசையில் எல்விரா என்ற பெண் இருந்தார். அறுபது வயதிருக்கும். எல் சல்வடோரிலிருந்து வந்து முப்பது வருடம். அவர் வாசுகியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ எந்த நாட்டு லத்தீன்காரி?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

"அது எங்கே இருக்கு? பெருவுக்குப் பக்கத்திலையா?"

"கொஞ்சம் தள்ளி."

எல்விரா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, துண்டு முடிந்துவிட்டது, அடுத்த வியாழன் வாருங்கள் என்றார்.  மரிசோல் சுவரோரம் இருந்த கதிரையில் போய் இருந்து, குளிரங்கியைக் கழற்றி மடித்து மடியில் வைத்தாள்.

"எழும்பமாட்டாளாம்" என்றாள் வாசுகி.

"வரிசையை மீறக் கூடாது" என்றேன் நான்.

"மீறேல்லை அக்கா. இருக்கிறாள். நீங்களும் இருங்கோ."

எல்விரா எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். இருக்கலாம், டொக்ரர் நாலரைக்குப் போய்விடுவார், நான் நம்பிக்கை தரமாட்டேன் என்றார். நாங்கள் அவரிடம் நம்பிக்கை கேட்கவில்லை. கதிரையைத்தான் எடுத்துக்கொண்டோம். மூன்று மணி நேரம். கூட்டத்தின் சூட்டில் நான் என் கம்பளி அங்கியையும் கழற்றினேன். மரிசோல் அன்றைய ஐந்து மணி வேலைக்கு வரவில்லை என்று போனில் சொன்னாள். கமிலா நிலத்தில் படுத்து மேப்பிள் மரம் ஒன்றை வரைந்தாள். மரத்துக்குப் பக்கத்தில் பஸ்.

மூன்று இருபதுக்குப் பதினோராம் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை. எல்விரா மூன்று தடவை கூப்பிட்டார், வெளியே படிவரை போய்ப் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"கதிரை சூடாகிவிட்டது. இனி உங்களை எழுப்பினால் கட்டிடம் குளிர்ந்துவிடும். போங்கள்."

முதலில் தாதி. கொலம்பியாக்காரி, நல்ல பொறுமைசாலி. மரிசோலின் மொழிதான் அவளுடைய மொழியும். இடையில் மொழிபெயர்ப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. கமிலாவை ஒரு குழாயில் ஊதச் சொன்னாள், நெஞ்சைக் கேட்டாள். பிறகு நாள்தோறும் அடிக்க வேண்டிய அந்த இரண்டாவது பம்பைக் கையில் எடுத்து, முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தாள். 120இல் 97 மிச்சம். பெருமூச்சு விட்டாள்.

வாசுகி என் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். "இதை ஏன் ஒவ்வொரு நாளும் குடுக்கேல்லை எண்டு கேக்கிறா. இவள் சொல்லுறாள், பிள்ளை சுகமா இருக்கேக்கை மருந்து என்னத்துக்கு, பழகிப் போயிடும், பேந்து அது இல்லாமல் மூச்சே வராது எண்டு."

தாதி விளக்கினாள். துண்டுப்பிரசுரத்தைத் திறந்தாள், அதில் பச்சை நிறச் சுவாசக்குழாய் ஒன்று சிரித்தது. மரிசோல் கைகளைக் கட்டிக்கொண்டாள். இரண்டாவது பம்பையும் ஒழுங்காகக் கொடுக்கும் திட்டத்தோடுதான் டொக்ரர் படிவத்தில் கையெழுத்து வைப்பார் என்றாள் தாதி. சரி என்று சொல்லுங்கள், எழுதிவிடுகிறேன்.

ஒரு சொல்தான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"சொல்லமாட்டாளாம்" என்றாள் வாசுகி. "குடுக்கிறன் எண்டு எழுதிப்போட்டுக் குடுக்காமல் விட ஏலாதாம். எங்கடை கேஸ் முழுக்கத் தாளிலைதான் கிடக்குது, ஒரு தாள் பொய் எண்டால் எல்லாத் தாளும் பொய் எண்டுவினம் எண்டுறாள்."

மூன்று ஐம்பது. பன்னிரண்டாம் இலக்கத்து முதியவர் கதவுக்கு வெளியே செருமிக்கொண்டு நின்றார். நான் வாய் திறந்தேன். புள்ளிவிபரவியல் படிப்பிப்பவள் அல்லவா. ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். தாதி பணிவாகத் தலையாட்டினாள். மரிசோல் என்னைப் பார்க்கவே இல்லை.

வாசுகியின் ஸ்பானிஷ் பெல்ற்றில் படித்த ஸ்பானிஷ். பெட்டி, நாடா, கெதியாய், நிறைஞ்சுது, வெறுமை, உடைஞ்சுது, இன்னொருக்கா. கேட்டால் விளங்கும், வாயில் வருவது மிஞ்சினால் ஐம்பது சொல். அவள் கதிரையை இழுத்து மரிசோலுக்கு முன்னால் போட்டாள். இரண்டு பேரும் ஒரு வருடம் பெல்ற்றின் இரண்டு பக்கத்திலும் எதிரெதிரே நின்றது இப்படித்தானாக்கும் என்று எனக்குத் தோன்றியது. வாசுகி கையை நீட்டி, பெல்ற் ஓடுவது மாதிரி அசைத்தாள். பிறகு விரலால் துளி துளியாக எண்ணெய் விட்டுக் காட்டினாள். தொழிற்சாலையின் பழைய போர்மனின், மேற்பார்வைக்காரனின், பெயரைச் சொன்னாள். மரிசோல் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள்.

அந்தக் கதையை வாசுகி பிறகு எனக்கு முழுக்கச் சொன்னாள். பெல்ற்றின் சங்கிலிக்குக் காலையில் ஆறு மணிக்கு எண்ணெய் விட வேண்டும், நன்றாக ஓடினாலும். அப்போது புதிதாக வந்த அந்தப் போர்மன் கெட்டித்தனமாக, நன்றாக ஓடுவதற்கு எண்ணெய் எதற்கு, கத்தினால் விடலாம் என்று நிறுத்திவைத்தான். மார்கழி மாதம் கத்தியது, விட்டான். திரும்பக் கத்தியது, விட்டான். மூன்றாம் தரம் சங்கிலி அறுந்தது. எல்லோரையும் மூன்று நாள் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு அவனை எல்லோர் முன்னாலும் ஏசியது வேறு யாருமல்ல, மரிசோல்தான்.

அறையில் வாசுகி சொன்னது ஆறேழு சொல்தான். ஒவ்வொரு நாளும். கொஞ்சம். சத்தத்துக்கு முன்னம். அதைச் சொல்லிவிட்டு தாதியின் மேசையில் கிடந்த அந்த இரண்டாவது பம்பைத் தொட்டு, அந்தப் போர்மனின் பெயரை இன்னொருக்காச் சொன்னாள். நீதான் இப்போது அவன், என்ற மாதிரி.

மரிசோலின் முகம் சிவந்தது. ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். வாசுகி அதற்கு இடம் கொடுக்கவில்லை. தன் நெஞ்சில் கை வைத்து மெல்ல ஏதோ சொன்னாள். சொற்கள் போதாமல் நாலு விரலை நீட்டிக் காட்டினாள். மரிசோல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னனி?" என்று கேட்டேன்.

வாசுகி என் பக்கம் திரும்பவில்லை. "ஆரூரனுக்கு அஞ்சு வயசிலை நானும் இதைத்தான் செய்தனான். பழகிப் போயிடும் எண்டு நிப்பாட்டினனான். நாலு நாள் ஆசுப்பத்திரியிலை மூச்செடுக்க ஏலாமல் கிடந்தவன்."

ஆரூரன் அவளுடைய மகன். இப்போது பதினேழு வயது. எனக்கு இது தெரியாது.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் வகுப்பெடுப்பீங்கள், அக்கா."

 மரிசோல் தாதியின் பக்கம் திரும்பி, தன் மொழியில், கொஞ்சம் கோபமாகவே ஒரு வசனம் சொன்னாள். தாதி எழுதத் தொடங்கினாள். வாசுகி மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

டொக்ரர் இளம்பெண். மறுபடி நெஞ்சைக் கேட்டு, படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து, ஒரு இடத்தில் நிறுத்தினார். நீலப் பம்ப் எங்கே இருக்க வேண்டும், அலுவலகத்திலா, பிள்ளையிடமா? மரிசோலும் வாசுகியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டொக்ரர் கேள்வியைக் கமிலாவிடம் திருப்பினார். கமிலா யோசிக்கவே இல்லை. "என்னட்டை." அடித்துக் காட்டச் சொன்னார். காட்டினாள், பத்து வரை எண்ணி மூச்சைப் பிடித்து. டொக்ரர் அந்தப் பெட்டியில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தார். நாலு பத்து. பன்னிரண்டாம் இலக்கத்து முதியவர் உள்ளே போகும்போது கமிலாவின் தலையில் தட்டிவிட்டுப் போனார். மூலைக்கடை மருந்தகத்தில் தாளைப் பார்த்தார்கள், ஒரு சொல்லும் கேட்கவில்லை, இந்த நாட்டுச் சிட்டையோடு இரண்டு புதுப் பம்ப் தந்தார்கள். அதே நகரம், அதே தாள். இதனால்தான் வாசகியின் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை.

தாவி வந்தவர்கள் இங்கிருந்து படிக்கலாம். பிள்ளைகளோடு போகிறீர்களானால் மருந்தைப் பெட்டியோடும், உங்கள் மருந்தகத்தின் சிட்டையோடும் கொண்டுபோங்கள்; வேறு மாகாணத்திலிருந்தே போனாலும் காப்புறுதித் தாளைக் கையில் வையுங்கள், போனில் அல்ல. மார்ச்சில் காலையில் பூச்சியத்துக்குக் கீழே ஆறு பாகை, மதியம் சேறு. பிள்ளைக்கு இரண்டு சோடி சப்பாத்து வேண்டும். மலைக்கு இரும்புப் பல். மெற்றோவில் பல தரிப்புகளில் லிப்ற் இல்லை, தள்ளுவண்டி கொண்டுபோனால் ஆள் வேண்டும். பிள்ளையின் நோயைப் பிள்ளையின் வாயாலேயே மொழிபெயர்க்க விடாதீர்கள், அது எவ்வளவு நல்ல பிரெஞ்சு பேசினாலும். ஏலாது என்று யாராவது தாளைத் திருப்பித் தள்ளினால், ஏன் என்று சத்தமாகக் கேளுங்கள்; பின்னால் நிற்பவருக்கும் கேட்க வேண்டும். பக்கத்தில் கதிரை இருந்தால் இருங்கள். குறிப்பாக, என்னைப் போலப் படித்த ஒருத்தி முறையான வழியால் போவோம் என்று சொன்னால், முறையான வழியால் முன்பு போய்த் திரும்பி வந்தவளிடம் முதலில் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை நடந்தது இது. எட்டு இருபதுக்குப் பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் பஸ் நின்றது. நானும் என் பெட்டியோடு போயிருந்தேன். என் ரயில் பதினொன்றுக்கு. அலுவலகத்துப் பெண் படிவத்தை வாங்கிப் படித்தாள். பிறகு கமிலாவின் பெயர் எழுதிய ஒரு பிளாஸ்ரிக் பெட்டியை நீட்டினாள், பம்பை அதற்குள் போடச் சொல்லி. மருந்தெல்லாம் ஆசிரியையின் பையில்தான் போகுமாம். கமிலா பெட்டியைப் பார்த்தாள். படிவத்தில் சரி போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள். அந்தப் பெண் திரும்பப் படித்தாள், உள்ளே போனாள், இரண்டு நிமிடத்தில் வந்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கமிலா பம்பைக் குளிரங்கிப் பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினாள்.

பஸ் எட்டு நாற்பத்திரண்டுக்குப் புறப்பட்டது. மரிசோல் வேலியடியில் நின்று அது திரும்பும்வரை பார்த்தாள். அவளுடைய வலக்கை பழக்கத்தில் பைக்குள் போயிருந்தது. வெறுங்கையை வெளியே எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வீட்டுக்கு நித்திரைகொள்ளப் போனாள்.

பின்னேரம் நான் ரயிலில் இருக்கும்போது வாசுகி போன் எடுத்தாள். கமிலா வந்துவிட்டாள். சட்டை முழுக்கப் பாகு. காட்டுக்குள் ஓடி விளையாடும்போது ஒருக்கா இழுத்ததாம், நின்று பம்பை எடுத்து இரண்டு தரம் அடித்தாளாம், திரும்ப ஓடினாளாம்.

"ஆசிரியை என்ன சொன்னாவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. அவள் ஆரிட்டையும் கேக்கேல்லையாம்."